சுவரைக் கெடுத்தவன்

— அந்தத் தட்டை வெயில்ல வைக்காதீங்க. இப்படி, மேஜைக்கு அடியில தள்ளுங்க. அது என்ன செடின்னு தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தீங்களா கொத்தனாரே?

— தெரியாம என்ன டீச்சரம்மா. உங்க மஞ்சக்குழல்தான். கொத்தமல்லி மாதிரி இலை, சின்னச் சின்னக் குழலா மஞ்சப் பூ. மூணு தட்டுலயும் சேர்த்து நாப்பத்தியொண்ணு. ரெண்டு தடவை எண்ணிட்டுத்தான் வந்தேன்.

— இது நர்சரியில கிடைக்காதே. எங்க வாங்கினீங்க?

— வாங்கலை. வளர்த்தேன்.

— நீங்களா?

— சிரிங்க, சிரிங்க. கலவை பூசற கரணை பிடிக்கிற கைக்கு இது எதுக்குன்னு என் வீட்டுக்காரியும் சிரிச்சா.

— சிரிக்கலைங்க, நம்ப முடியலை. நான் ஒன்பது வருஷம் இதோட மல்லுக்கட்டியிருக்கேன், ஒரு தட்டுலகூட இப்படிச் சேர்ந்தாப்பல முளைச்சதில்லை. சரி, பத்து மணிக்கு நூலகக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நான் ஒரு கடிதம் முடிக்கணும். சுருக்கமாச் சொல்லுங்க, எப்படி வளர்த்தீங்க?

— சுருக்கமா வராதே டீச்சரம்மா. மூணு வருஷப் பாடு. நம்ம நூலகத்துக்குப் பின்னாடி தெருப்பக்கம் சாக்கடை ஓரமா ஒரே ஒரு செடி தப்பிச்சு நின்னுச்சு. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அதுல விதை எடுத்து, நல்லா வெயில்ல காயவச்சு, பொட்டலம் கட்டி, டப்பாவுல போட்டு பத்திரமா அலமாரியில வச்சேன். விதைன்னா காயவைக்கணும், அவ்வளவுதானே நமக்குத் தெரியும்? மழை முடிஞ்சதும் போட்டேன். ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு முளைக்கணுமே. ம்ஹூம்.

— எப்படி முளைக்கும்? அந்த விதை காஞ்சா செத்துப்போச்சு. பறிச்ச கையோட மண்ணுல போடணும்.

— அது அப்புறம்தானே எனக்குத் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் விதையே வேண்டாம்னு கிளையோட வேரோட பிடுங்கிட்டுப் போனேன். வேர் பாதி என் கையில, பாதி கல்லுக்குள்ள. வீட்டுக்குப் போறதுக்குள்ள துவண்டு போச்சு.

— இடம் மாத்தினா இது தாங்காது. யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?

— கேட்டா, எதுக்குன்னு திருப்பிக் கேப்பாங்களே டீச்சரம்மா. அதான் எறும்பைக் கேட்டேன்.

— எறும்பையா?

— ஆமா. மிச்சம் இருந்த வேர் மறுபடி துளிர்த்துச்சு. அது பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, காய் வெடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தெருவுல போறவங்க, என்ன கொத்தனாரே சாவி கீவி தொலைச்சுட்டீங்களான்னு கேட்டுட்டுப் போவாங்க. கறுப்பா பளபளன்னு விதை கீழ விழுது. விழுந்த மறு நிமிஷம் எறும்பு வந்து இழுத்துக்கிட்டு கல் இடுக்குக்குள்ள போகுது. விதை ஓரமா ஒரு வெள்ளைத் துணுக்கு இருக்கு பாருங்க, அதுக்கு அதுதான் வேணும். அதைத் தின்னுட்டு மிச்சத்தை இருட்டுல போட்டுட்டு வந்துடுது. அப்பதான் என் மண்டையில ஏறுச்சு. காயவிடக் கூடாது, வெளிச்சம் காட்டக் கூடாது.

— அப்புறம்?

— இடிச்ச வீட்டுல கிடந்த பழைய சுண்ணாம்புக் காரையைச் சலிச்சு, இலை மக்கோட கலந்து, தட்டுல பரப்பி, அன்னிக்கே விதையைத் தூவி, குளியலறைக்குப் பின்னாடி வெயில் படாத மூலையில வச்சேன். மேல ஈரச் சாக்கு. குளிர் காலம் முடிஞ்சு ஒரு நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தா, பச்சைப் பச்சையா முளைச்சு நிக்குது.

— சுண்ணாம்புக் காரைன்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?

— நம்ம நூலகத் தோட்டத்துப் பழைய சுவர்ல அதுதானே இருந்துச்சு. அதுலதானே அது அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

— சந்தோஷம்தான். குழாயடியிலேர்ந்து படி வரைக்கும், மண்ணே இல்லாத கல்லுல, சூரியனே எட்டிப் பார்க்காத மூலையில, வருஷத்துல எட்டு மாசம் பூத்துச்சே. நிழல்ல அப்படி விடாம பூக்கிற செடி வேற எது இருக்கு? சரி விடுங்க. எதுக்கு இப்ப பழசு. இதெல்லாம் எனக்கா?

— சுவருக்கு.

— சுவர்லதான் சிமெண்ட் அடைச்சுக் கிடக்கே.

— உளியும் சுத்தியலும் வெளிய சைக்கிள்ல இருக்கு. நானே கொத்தி எடுக்கறேன். நோகாம, கல்லு அசையாம. எடுத்துத்தான் ஆகணும், நீங்க வேண்டாம்னாலும். தண்ணி வெளிய வர வழியில்லாம சுவரே வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. பார்க்கவே எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

— இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்ன திடீர்னு?

— நீங்க எழுதற கடிதம்தான்.

— எந்தக் கடிதம்?

— தோட்டக்காரர் வேலைக்கு என் மச்சினன் மனு போட்டிருக்கான் இல்ல? நீங்க எழுதிக் குடுக்கறதுதான் முடிவுன்னு எல்லாருக்கும் தெரியும். வேண்டாம்னுதான் எழுதுவீங்கன்னும் தெரியும்.

— எழுதிட்டேன் கொத்தனாரே. "இந்தத் தோட்டத்துக்கு இவர் ஏற்றவர் அல்ல." ஒரே வரி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உங்க சொந்தம்னு பரிந்து பேச வந்தீங்கன்னா, மன்னிச்சுக்கோங்க, செடியைக் காட்டி வேலை வாங்கிக் குடுக்க முடியாது. சரியா?

— பரிஞ்சு பேச வரலை. அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க டீச்சரம்மா. வச்சுட்டீங்களா? அந்தச் சுவரை அவன் பூசலை. நான்தான் பூசினேன்.

— எனக்கு நேரமாகுது.

— ஒரு அஞ்சு நிமிஷம். மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தவன், இன்னிக்கும் மூடிக்கிட்டுப் போயிட்டா அப்புறம் நான் மனுஷனே இல்லை. நீங்க உங்க அக்காவைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினீங்களே, நாங்க நூலகத் தளத்தை உடைச்சு மாத்திக்கிட்டிருந்தப்ப, அந்த வியாழக்கிழமை. கிளம்பறப்ப என்கிட்ட என்ன சொன்னீங்க?

— படிக்கு அந்தப் பக்கம் சரிஞ்ச கல்லை மட்டும் எடுத்துக் கட்டுங்க, இந்தப் பக்கம் கையே வைக்காதீங்கன்னேன். சாக்பீஸால கோடும் போட்டுக் காட்டினேன்.

— "தொடாதீங்க"ன்னு எழுதியும் வச்சீங்க. அந்த எழுத்தை வாளித் தண்ணி அடிச்சு அழிச்சது இந்தக் கைதான்.

— ஏன்?

— ஏன்னா... சொன்னா எனக்கே அசிங்கமா இருக்கு. என் பகுதியை முடிச்சுட்டு பத்தடி தள்ளி நின்னு பார்த்தேன். என் பக்கம் அழகா, மட்டமா, கோடு போட்ட மாதிரி இருக்கு. நீங்க தொடாதீங்கன்ன பக்கம் இடுக்கெல்லாம் புல்லும் பூண்டுமா. எனக்கு அது அப்ப பூண்டுதான். நாளைக்கு யார் பார்த்தாலும், பாதி வேலை செஞ்சுட்டு ஓடிட்டான்னு என்னைத்தானே சொல்வாங்க? கலவையும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. டீச்சர் வந்து பார்த்தா முதல்ல முகத்தைச் சுளிப்பாங்க, அப்புறம் சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்படுவாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். கையால பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். ஒரு கூடை நிறைய. பூவோட.

— போதும்.

— இல்லை, முழுசாக் கேளுங்க. மறுநாள் நீங்க வந்து அந்தச் சுவர் முன்னாடி நின்னீங்க. நீங்க அழுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. யார் செஞ்சதுன்னு கேட்டீங்க. நான் வேற இடத்துக்குப் போயிருந்தேன், என் மச்சினன் தெரியாம செஞ்சுட்டான்னு வாயில வந்துச்சு. யோசிச்சுச் சொல்லலை டீச்சரம்மா, சத்தியமா. வந்துச்சு, சொல்லிட்டேன். அவன் அந்த வியாழக்கிழமை முழுக்க ஆத்து மணல் ஏத்தப் போயிருந்தான். அவன் அந்தச் சுவர் பக்கமே வரலை.

— அதை இப்ப சொல்றீங்க.

— இப்பத்தான் சொல்றேன். நீங்க அவனைக் கூப்பிட்டு நிக்கவச்சுப் பேசினீங்களே, படிக்க வந்த இருபது பேர் முன்னாடி. "எழுத்துதான் படிக்கத் தெரியாது, கண்ணுமா தெரியாது"ன்னு...

— அதைத் திருப்பிச் சொல்லாதீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு.

— அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நான் எங்க இருந்தேன் தெரியுமா? நாலடி தள்ளி. கரணையைக் கழுவிக்கிட்டு இருந்தேன். ஏற்கெனவே கழுவின கரணை. அதையே மறுபடி மறுபடி கழுவினேன்.

— அவர் ஏன் வாயைத் திறக்கலை?

— அக்கா புருஷனை நாலு பேர் முன்னாடி பொய்யன்னு சொல்லணுமேன்னுதான். வேற என்ன. அன்னிக்கு சாயங்காலம் சாமானை எல்லாம் துடைச்சு என் வீட்டுல வச்சுட்டுப் போனவன்தான். அப்புறம் என்கூட ஒரு வேலைக்கும் வரலை. வேற யாரும் கூப்பிடவும் இல்லை. "சுவரைக் கெடுத்தவன்"னு பேரு வச்சுட்டாங்க. கடைத்தெருவுல அப்படித்தான் அடையாளம் சொல்றாங்க. மூட்டை தூக்கறான், வண்டி கழுவறான். கூடப் பொறந்தவளே, என் வீட்டுக்காரியே, "உன்னால என் புருஷன் பேரு கெட்டுச்சு"ன்னு அவனைப் பேசியிருக்கா. நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டுக்கிட்டே சாப்பிட்டேன் டீச்சரம்மா.

— உங்க மனைவிக்கு இன்னும் தெரியாதா?

— நேத்து சொன்னேன். அவ எழுந்து உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. காலையில நான் கிளம்பறப்ப, "முதல்ல டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு, அப்புறம் என் மூஞ்சியில முழி"ன்னா. என்னையும் திட்டுங்களேன். அவனைத் திட்டினதுல பாதியாவது திட்டுங்க. எனக்கு அது வேணும்.

— திட்டி என்ன ஆகப்போகுது.

— ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை. புரியுது.

— அது இல்லை. அவருக்குத் தெரியுமா, நீங்க இங்க வந்தது?

— தெரியாது. பத்து மணிக்கு அவனை வரச் சொல்லியிருக்காங்களாமே. அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் ஓடிவந்தேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, கமிட்டியில என் பேரைச் சொல்லுங்க, இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஒரு வரியை மட்டும் மாத்துங்க.

— மாத்தறேன். இதோ கிழிச்சாச்சு. வேற தாள் அந்த அலமாரியில இருக்கு, எடுங்க... ம்ம். "இவரை நியமிக்கப் பரிந்துரைக்கிறேன்." போதுமா?

— கையெழுத்து?

— போட்டாச்சு. பார்த்துக்கோங்க.

— உங்களுக்குப் பெரிய மனசு டீச்சரம்மா.

— அப்படிச் சொல்லாதீங்க.

— இல்லை, நிஜமாத்தான். வேற யாராவது இருந்தா...

— சொல்லாதீங்கன்னு சொல்றேன் இல்ல.

— டீச்சர், உள்ள வரலாமா? பத்து மணின்னாங்க, ஆபீஸ்ல யாரும் இல்லை. நான் வேணா வெளியவே... மாமா? நீங்க எங்க இங்க?

— வா மாப்ளே, வா. உள்ள வா. சொல்லிட்டேன்டா.

— என்ன சொன்னீங்க?

— எல்லாத்தையும். சாக்பீஸ் எழுத்தை அழிச்சதுலேர்ந்து எல்லாத்தையும். உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன்.

— எதுக்கு மாமா, இத்தனை நாள் கழிச்சு.

— எதுக்கா? உன் மூஞ்சியைப் பார்க்க முடியாம நான் தெரு மாறிப் போறேன்டா. நல்லது கெட்டதுக்குக்கூட உன் வீட்டுப் பக்கம் வர முடியலை. என்னை நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். நீ பேசாமலே இருந்து இருந்து என்னைக் கொன்னுட்டே.

— பேசி என்ன பண்றது. அழாதீங்க மாமா. டீச்சர் முன்னாடி... உக்காருங்க. இது என்ன, மஞ்சக்குழலா?

— நான் வளர்த்தது.

— நீங்களா? தண்ணி அதிகமா ஊத்தியிருக்கீங்க. பாருங்க, இந்த ஓரம் மஞ்சளாயிருக்கு. இருக்கட்டும், தேறிடும்.

— நீங்களும் உக்காருங்க தம்பி. கடிதம் எழுதிட்டேன். கமிட்டியில நானே எழுந்து சொல்றேன், அன்னிக்கு நடந்தது வேறன்னு. நாளையிலேர்ந்து வேலைக்கு வாங்க. நான்... நான் அன்னிக்கு தெரியாம பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. சரியா?

— சரி டீச்சர். வர்றேன். எனக்கும் இந்த வேலை வேணும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— தப்பா எடுத்துக்கக் கூடாது. மாமா ஏன் பொய் சொன்னாருன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. பயம். மனுஷனுக்கு வர்றதுதான். நீங்க ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னுதான் எனக்கு இன்னிவரைக்கும் புரியலை. ஒரு பூச்சி இலையைக் கடிச்சாக்கூட எது கடிச்சதுன்னு கண்ணாடி வச்சுப் பார்ப்பீங்க. "நீயா செஞ்சே"ன்னு என்னைக் கேட்டிருக்கலாமே. மூட்டை தூக்கறப்ப எல்லாம் அதேதான் ஓடும். கேக்கலையே, கேக்கவே இல்லையேன்னு.

— கமிட்டிக்கு நேரமாச்சு தம்பி. அப்புறமாப் பேசுவோமே.

— பேசலாம் டீச்சர். எனக்கு அவசரம் இல்லை. மூணு வருஷம் வச்சிருந்தேன்.

— விடு மாப்ளே. அவங்களைப் போய்க் கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும்? நான் சொன்னதை நம்பிட்டாங்க. அவங்கதான் அன்னிக்கு ஊர்லயே இல்லையே.

— ஊர்லதான் இருந்தேன்.

— என்ன டீச்சரம்மா?

— ஊர்லதான் இருந்தேன் கொத்தனாரே. மத்தியான பஸ் வரலை. ரெண்டு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்தேன். மேல புத்தகத்துக்கு எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடலாம்னு முன்பக்கமா மாடிக்கு ஏறினேன். ஜன்னல்லேர்ந்து கீழ பார்த்தா, நீங்க கடைசி வரிசையைப் பூசிக்கிட்டு இருந்தீங்க. நீங்க மட்டும். தனியா.

— பார்த்தீங்களா? அப்ப ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!

— வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல தளத்தைப் பாதி உடைச்சுப் போட்டிருந்தீங்க, வானம் தெரிஞ்சுது. மழை கறுத்துக்கிட்டு நிக்குது. ஆறாயிரம் புத்தகம். உங்க கோவம் ஊருக்கே தெரியும், ஒரு வார்த்தை சொன்னா சாமானைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி முழுக்கத் தூங்காம யோசிச்சு, ஒண்ணும் பார்க்காத மாதிரி மறுநாள் வந்து நின்னேன். யார் செஞ்சதுன்னு கேட்டேன். நீங்களே ஒத்துக்குவீங்கன்னு ஒரு நப்பாசை. நீங்க இவரைக் கை காட்டுனீங்க. எனக்கு வசதியாப் போச்சு. உங்களைத் திட்டினா தளம் வேலை நின்னுபோகும். இவரைத் திட்டினா ஒண்ணும் நிக்காது. உள்ள இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் இவர் தலையில கொட்டினேன்.

— அப்ப, நான் வந்து சொன்னப்ப எல்லாம் உங்களுக்கு...

— தெரியும். காலையில அந்த ஒரு வரியை எழுதினதுகூட சுவருக்காக இல்லை. தினம் இவர் வந்து நின்னா நான் எப்படி இவர் முகத்துல முழிப்பேன்னுதான். இப்பக்கூட, ஒரு நிமிஷம் முன்னாடி, "தெரியாம பேசிட்டேன்"னு கூசாம சொன்னேன் பாருங்க. வெக்கமா இருக்கு.

— இருக்கட்டும் டீச்சர். தளம் உடைஞ்சு கிடந்துச்சு, புத்தகம் நனைஞ்சுடும். அது புரியுது. மாமா செஞ்சதும் புரியுது. என்னைத் தனியா, யாரும் இல்லாத நேரத்துல கூப்பிட்டாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு தெரியும் தம்பி. அதனாலதான் கேக்கலை.